மகள் கேட்ட கியர் சைக்கிள்

எங்கள் படுவான்கரையில் வளவும் வீடும் தாய்வழியாகப் பெண்பிள்ளைகளுக்கு வருபவை. சீதனம் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் "நீங்கள் உங்கள் உழைப்பில் வாங்கிய பொருள் எது?" என்று கேட்டுப் பாருங்கள். எங்களில் பலர் சுவரில் சாத்தி வைத்திருக்கும் சைக்கிளைத்தான் காட்டுவோம். அதனால்தான் ஒரு சைக்கிளைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத எனக்கு வெட்கமில்லை.

நான் சட்டித் தயிர் விற்பவள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வாங்கி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, ஆரையம்பதி, காத்தான்குடி என்று வீடு வீடாகக் கொடுத்து வருகிறேன். கணவரை 2007இல் இழந்தேன். அந்த வருடம் மாசி, பங்குனி மாதங்களில் படுவான்கரையே இடம்பெயர்ந்து எழுவான்கரைக்கு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது கரியலில் அரிசிப் பை, ஹாண்டிலில் சட்டி பானை, முன்பாரில் இரண்டு வயது மகள், இப்படித்தான் நாங்களும் வந்தோம். ஏறி ஓடவில்லை, உருட்டிக்கொண்டு வந்தோம். முகாமில் இருந்து திரும்பிப் போனபோதும் அதே சைக்கிள்தான் கூட வந்தது.

அந்த மகள் இப்போது ஆரையம்பதியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். இரவு ஏழரை மணிக்குக் கடை பூட்டுவார்கள். பிறகு அவள் பாலம் கடந்து வீட்டுக்கு வரவேண்டும். போன வருடம் ஒருநாள், "அம்மா, எனக்குக் கியர் சைக்கிள் ஒண்டு எடுத்துத் தாங்க" என்றாள். கடையில் பார்த்து வைத்திருக்கிறாள். முன்னுக்கு மூன்று சில்லுப் பல், பின்னுக்கு ஏழு, ஆக 21 கியர். முன் போக்கில் சொக், இரண்டு பக்கமும் டிஸ்க் பிறேக், தடித்த டயர். பார்க்க அழகுதான். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் ஒருதரம் ஏறிப் பார்க்க ஆசை வந்தது.

விலையைக் கேட்டேன். வீட்டுச் செலவு போக நான் ஆறு மாதம் மிச்சம் பிடிக்கும் காசு. "கிழமைக்குக் கிழமை கட்டலாமாம் அம்மா" என்றாள். அந்தச் சொல்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கிழமைக் கடன் எங்கள் ஊர்ப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கும் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. ஆனாலும் இருட்டில் பாலத்தால் வரும் பிள்ளையின் கேள்வியைக் காசைக் காட்டி மட்டும் தள்ளிவிட முடியாது. அவள் கேட்பது பகட்டுக்கா, அல்லது அதில் உண்மையில் பிரயோசனம் இருக்கிறதா என்று விசாரித்துப் பார்த்தேன்.

முதலில் கியர் என்றால் என்ன என்பதைச் சொல்கிறேன். சிறிய கியர் உங்களுக்குப் பலம் தருவதில்லை. ஒரே வேலையைக் குறைந்த அழுத்தத்தில், கூடிய சுற்றில் செய்ய விடுகிறது. கிணற்றில் ஒரே இழுவையில் பெரிய வாளியை இழுப்பதற்குப் பதிலாகச் சின்ன வாளியால் பலதரம் அள்ளுவது போல. மலைநாட்டில் நுவரெலியாப் பக்கம் அது இல்லாமல் ஏற முடியாது. எங்களுக்கு மலை எங்கே? வாவியைச் சுற்றி எல்லாம் சமதரை. பாலங்களின் ஏற்றம்தான் எங்கள் மலை.

ஆனால் எங்களுக்கு ஒரு மலை உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. கச்சான் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அது அடிக்கும்போது, ஆரையம்பதியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பெண் எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டும். மண்முனைப் பாலத்தில் மறைவுக்கு ஒரு மரமும் இல்லை. அங்கே பலர் இறங்கி உருட்டுவதை நான் நாளாந்தம் காண்கிறேன். ஆகவே கியர் எங்களுக்குத் தேவையே இல்லை என்று சொல்பவர்கள் காற்றில் பாரம் ஏற்றி ஓடாதவர்கள். எங்களுக்கு இரண்டு அல்லது மூன்று கியர் போதும். 21 தேவையில்லை.

எனது தம்பியின் மகன் சுவிசில் இருக்கிறான். அங்கே விடுமுறை நாட்களில் ஓட்டப்பந்தயச் சைக்கிள் ஓடுகிறவன். லீவில் வந்தபோது அவனிடம் கேட்டேன். "மாமி, நான் ஓடுற சைக்கிளைக் கண்டா நீங்க சிரிப்பீங்க" என்று தொலைபேசியில் படம் காட்டினான். கார்பன் நாரில் செய்த உடல். மட்காட் இல்லை, கரியல் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, மணிகூட இல்லை. சர்வதேசப் போட்டிகளில் சைக்கிளின் நிறை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று 2000ஆம் ஆண்டு முதல் சட்டமே இருக்கிறதாம். குறையக்கூடாது என்று சட்டம் போடும் அளவுக்கு இலேசாகச் செய்கிறார்கள்! கியர் மாற்றுவது கம்பியால் அல்ல, மின்சாரத்தால். ஜப்பானின் சிமானோ கம்பனி 2009இல் தனது உயர்ந்த ரகப் பந்தயச் சைக்கிளுக்கு அதைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஸ்ராம் கம்பனி 2015இல் வயரே இல்லாமல் செய்தது. "அப்ப பட்டரி முடிஞ்சா?" என்று கேட்டேன். "இருக்கிற கியரிலேயே வரவேண்டியதுதான் மாமி" என்றான். எங்கள் வீட்டில் 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்கூட மின்சாரம் இல்லாமல் இருந்ததை அவனுக்கு நினைவுபடுத்தினேன்.

நிறையைப் பற்றி நானே ஒரு கணக்குப் போட்டேன். நான் 55 கிலோ. தயிர்ச் சட்டிகள் 30 கிலோ. சைக்கிள் ஏறக்குறைய 18 கிலோ. எல்லாம் சேர்ந்து 103. எவ்வளவோ காசு கொடுத்துச் சைக்கிளில் 10 கிலோ குறைத்தாலும் நான் இழுக்கும் பாரத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறையும். அதுவும் சமதரையில், எதிர்க்காற்று நாளில், பாரத்தைவிடக் காற்றுத்தான் எங்களை மறிக்கிறது. ஒரு சட்டியைக் குறைத்து ஏற்றினால் காசில்லாமலே நிறை குறையும்.

அவன் சொன்ன இன்னொரு செய்தி எனக்குப் பிடித்தது. முன்பெல்லாம் பந்தயக்காரர் 23 மில்லிமீற்றர் அகலமான மெல்லிய டயரைக் கல் போலக் காற்றடித்து ஓடுவார்களாம். இப்போது 28, அதற்கும் மேல் அகலமான டயருக்கு மாறி, காற்றையும் குறைத்துவிட்டார்கள். உண்மையான தெருவில் கல்லும் குழியும் இருப்பதால், துள்ளாமல் உருளும் அகல டயர்தான் வேகம் என்று அளந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் கிறவல் வீதியில் அகல டயரில் ஓடும் எங்களுக்கு இது புதினமில்லை.

இந்த ஸ்ராம் கம்பனிக்கும் எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2004 மார்கழி சுனாமிக்குப் பிறகு, அந்தக் கம்பனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான எவ்.கே. டே என்பவரும் அவரது மனைவி லியா மிஸ்பாக் டேயும் 2005இல் 'வேர்ல்ட் பைசிக்கிள் றிலீவ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வேர்ல்ட் விஷனுடன் சேர்ந்து இலங்கையில் 24,000 அளவில் சைக்கிள்கள் கொடுத்தார்கள். அதுதான் அவர்களின் முதல் வேலை. பிறகு ஆபிரிக்காவுக்குப் போய், 'பஃபலோ' என்று, அதாவது எருமை என்று பெயர் வைத்து ஒரு சைக்கிள் செய்தார்கள். கவனியுங்கள், உலகத்திலேயே விலை கூடிய கியர் செய்கிறவர்கள் கிராமத்துப் பெண்ணுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் என்று செய்த சைக்கிளில் கியர் வைக்கவில்லை. ஒரே வேகம். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிறேக். 100 கிலோ தாங்கும் கரியல். நிறை 20 கிலோவுக்கும் மேல். பழுதானால் அந்த ஊரிலேயே திருத்தலாம். அண்மைக் காலத்தில்தான் இரண்டு வேகம் கொண்ட ஒன்றைச் செய்தார்கள். அதிலும் நொய்ந்த கியர்ப் பெட்டி இல்லை. இரண்டு செயின், பின்னுக்குக் கொஞ்சம் மிதித்தால் வேகம் மாறும். கியர் அறிந்தவர்களே இப்படி யோசித்திருக்கிறார்கள் என்றால் நாங்களும் யோசிக்கலாம்தானே.

சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் எங்கள் பக்கம் சைக்கிள் கொடுத்தவர்கள் பலர். பெயர் வேண்டாம், ஒரு இடத்தில் எங்கள் குழுவிலிருந்த பெண்களுக்கு உயரமான ஆண்கள் சைக்கிளைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கால் எட்டாமல் சிலர் அதை விற்றுவிட்டார்கள். ஆனால் முன்பார் உள்ள சைக்கிளை நான் குறை சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கச் செய்தார். பெண்கள் சைக்கிள் கடைகளில் முடிந்துபோய், ஆண்கள் சைக்கிளையே ஓடினார்கள். அதையே விரும்பிய பெண்களும் இருந்தார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். ஏனென்றால் அந்தப் பாரில் பிள்ளையை இருத்தலாம். என் மகள் இருந்து வந்ததும் அப்படி ஒரு பாரில்தான்.

சரி, மகள் பார்த்த சைக்கிளுக்கு வருவோம். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணனிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மூன்று விஷயம் காட்டினார். வெளியே தொங்கும் கியர் மாற்றி, சைக்கிள் ஒருதரம் விழுந்தால் வளைந்துவிடும். வளைந்தால் செயின் கம்பிக்குள் போய் மாட்டும். இரண்டாவது, எங்கள் சாதாரண செயினின் உள்ளகலம் 1/8 அங்குலம், கியர் செயினுடையது 3/32 அங்குலம். மெல்லியது. வாவிக்கரை மணலும் உப்புக் காற்றும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். மூன்றாவது, விலை குறைந்த சைக்கிளில் வரும் சொக் என்பது வெறும் ஸ்பிரிங். நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது குடிக்கும், கறளும் பிடிக்கும். டிஸ்க் பிறேக்கைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்னார். மழையில் நன்றாகப் பிடிக்கும், ரிம் தேயாது. ஆனால் அதன் கட்டைக்கு மட்டக்களப்பு டவுனுக்குத்தான் போக வேண்டும் என்றார்.

மகளுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப எனக்கு ஒண்டும் வேணாம்" என்றாள். "என்னகா, முழுக்கக் கேளு" என்று அவளை இருத்தினேன்.

புதுப் பொருட்களில் உண்மையாகவே காசுக்குப் பெறுமதியானது எது என்று கேட்டால், நான் முதலில் லைட்டைச் சொல்வேன். யுத்த காலத்தில் எங்களுக்கு லைட் போட்டு ஓடவும் பயம், போடாமல் ஓடவும் பயம். சோதனைச்சாவடிக்குக் கிட்ட வந்தால் இறங்கி உருட்ட வேண்டும். உருட்டும்போது டைனமோ சுற்றாது, இருட்டில் நிற்போம். வடக்கில் 1990களின் பொருளாதாரத் தடையில் பட்டரி கிடைக்காத நாட்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த டைனமோ தருவது 6 வோல்ட்டில் 3 வாட். பழைய குண்டு பல்பில் அது மங்கல் வெளிச்சம். இப்போது வரும் எல்.ஈ.டி. லைட்டில் அதே 3 வாட் வீதியில் உள்ள குழியைக் காட்டுகிறது. சிலவற்றில் சிறிது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பு இருப்பதால், நின்ற பிறகும் சில நிமிடம் எரியும். டயரில் உரஞ்சும் டைனமோ மழையில் வழுக்கும். சில்லின் நடுவில் பொருத்தும் டைனமோ வழுக்காது, மிதிக்கப் பாரமும் தெரியாது. மின்சாரத்தில் சார்ஜ் பண்ணும் லைட்டும் நல்லதுதான், கரண்ட் இருந்தால். பின்னுக்குச் சிவப்பு லைட் கட்டாயம். எங்களை முன்னால் வருபவன் காண்பான், பின்னால் வரும் லொறிதான் காணாது.

அடுத்தது டயர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 26 அங்குலம் என்று சொல்லி விற்கும் எல்லா டயரும் ஒன்றல்ல. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 37-590 அல்லது 47-559 என்று இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் அமரும் விட்டம், மில்லிமீற்றரில். 590 டயர் 559 ரிம்முக்குப் போகாது. பழைய டயரில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளையின் அடிமட்டம் போதும். புதுச் செயினில் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையில் அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி வந்தால் செயினை மாற்றலாம். எட்டில் ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் பல்லுச் சில்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பு. நேரத்துக்கு மாற்றினால் அந்தச் செலவு மிச்சம்.

காசே இல்லாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் பெண்கள் பெரும்பாலும் சீற்றைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள், நின்றால் இரண்டு காலும் முழுதாக நிலத்தில் பட வேண்டும் என்று. அப்படி ஓடினால் முழங்கால் மடிந்து மடிந்து நோகும். பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முழங்கால் கொஞ்சம் மட்டும் மடிந்திருக்க வேண்டும். நிற்கும்போது சீற்றிலிருந்து இறங்கி நின்றால் போயிற்று. எனக்கு இதைச் சொன்னவன் மருமகன்தான். சீற்றை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசுவது குறைந்தது.

இப்படியெல்லாம் பார்த்து, கடைசியில் நாங்கள் வாங்கியது ஜப்பானில் பாவித்து இங்கே கொண்டுவந்து விற்கும் பெண்கள் சைக்கிள் ஒன்று. அந்த நாட்டில் தாய்மார் சந்தைக்கும் பாலர் பாடசாலைக்கும் ஓடும் வகை. முன்னுக்குக் கூடை, செயினை மூடிய கவர், இரண்டு கால் ஸ்டாண்ட், சில்லைப் பூட்டும் பூட்டு, முன் சில்லின் நடுவில் டைனமோ, இருட்டினால் தானாக எரியும் லைட். மூன்று கியர் உண்டு, ஆனால் வெளியே ஒன்றும் தொங்கவில்லை. எல்லாம் பின் சில்லின் நடுவுக்குள் மூடிக் கிடக்கிறது. மணல் போகாது, விழுந்தாலும் வளையாது. இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்து ஸ்ரேமி ஆச்சர் என்ற கம்பனி 1902இலேயே மூன்று கியரைச் சில்லுக்குள் வைத்துவிட்டது. விலை, மகள் கேட்டதில் பாதிக்கும் குறைவு. கையில் இருந்த காசுடன் ஒரு சீட்டுக் காசும் சேர்த்துக் கொடுத்தோம். கிழமைக் கட்டணம் இல்லை.

குறையும் சொல்லவேண்டும். உள்ளே உள்ள கியர் பழுதானால் எங்கள் ஊர் அண்ணன் திறக்கமாட்டார், அவரே சொல்லிவிட்டார். பாவித்த பொருள் என்பதால் வாங்கும்போது மூன்று கியரும் மாறுகிறதா, சில்லு ஆடுகிறதா, உடலில் பற்றுவைத்த இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று ஏறி ஓடிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கரியல் சின்னது, தயிர்ச் சட்டி ஏற்ற முடியாது. ஆகவே எனது பழைய சைக்கிளை நான் விடவில்லை. அதற்கு மகளின் முதல் சம்பளத்தில் எல்.ஈ.டி. லைட்டும் பின் டயரும் போட்டாயிற்று.

இந்த ஆடிக் கச்சானில் அவள் பாலத்தில் இறங்காமல் வந்தாள். முதலாம் கியரில் மெதுவாகத்தான் வந்தாளாம், நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட. கடையில் அந்த 21 கியர் சைக்கிள் இன்னும் நிற்கிறது என்றும், சிவப்பு நிறத்தில் வேறொன்று வந்திருக்கிறது என்றும் எனக்குச் சொன்னாள். மாரி தொடங்குமுன் அவளது முன் பிறேக் கட்டை இரண்டும் மாற்ற வேண்டும்.